எர்த்

நானுஓயா தாண்டி
ராதெல்லச் சரிவு தொடங்கும் முன்
கை காட்டி நிறுத்தினார்.
பிரேக் லைட் இல்லை என்றார் சிங்களத்தில்.
இருக்கிறதே என்றேன்.
"மிதி, பார்ப்போம்."
மிதித்தேன். பின்னால் போய் நின்றார்.
மூடுபனிக்குள்ளிருந்து ஒரு "நே" மட்டும் வந்தது.

தண்டப் பத்திரத்தில் என் பெயரை எழுதினார்.
மருதவீரன்
மூன்று இடத்தில் உடைந்து
நான்காம் முறை ஒருவாறு எழுந்து நின்றான்.

எண்பத்திரண்டாம் வருடத்து டட்சன் கெப்.
நம்பர் தட்டில் இன்னும் ஸ்ரீ இருக்கிறது.
லீக்ஸ் நாற்பது கட்டு, பீட்ரூட் ஆறு மூட்டை,
விடிந்தால் ஹட்டனில் சந்தை.
பத்திரத்தை நீட்டிவிட்டு அவர் சொன்னார்:
"இப்படியே இறங்க விடமாட்டேன்."

சரி.
சீட்டுக்கு அடியிலிருந்து சாமான் பையை இழுத்தேன்.

பல்ப் இரண்டையும் கழற்றி
டோர்ச் வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்தேன்.
இழை அறவில்லை. கண்ணாடி கறுக்கவில்லை.
ஹோர்னை அமுக்கினேன், அலறியது.
இந்த வண்டியில்
ஹோர்னுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே பியூஸ்.
அப்போ பியூஸ் நல்லது.
(அலறலுக்கு எங்கோ ஒரு நாய் பதில் சொன்னது.
அதுவும் நல்லது.)

தலைகீழாய்ப் படுத்து
பெடலுக்கு மேலே சுவிட்சைத் தேடினேன்.
இரண்டு வயர். இரண்டையும் இணைத்தால்
நான் மிதிக்காமலே வண்டி மிதித்ததாக நம்பும்.
இணைக்க ஒன்றும் இல்லை.
தென்னகோன்
(சட்டையில் பெயர் அப்படித்தான் இருந்தது)
தன் புத்தகத்திலிருந்த கிளிப்பை உருவித் தந்தார்.
செருகினேன்.
"நே."

மழை தூறத் தொடங்கியது.
தொப்பியைச் சரித்துக்கொண்டு
அவர் பின்னாலேயே நின்றார்.
அவர் வேலை அதுவல்ல.
ஆனால் தன் முதுகை யாரால் பார்க்க முடியும்?
ஓட்டுகிறவன் காணவே முடியாத ஒரே விளக்கு இது.

கிளிப்பை எடுத்துவிட்டு
மண்வெட்டிப் பிடியை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து
நானும் பின்னால் போனேன்.
அப்போதுதான் கண்டேன்:
சிவப்பு வரவேண்டிய இடம் இருட்டு.
பக்கத்தில், யாரும் கூப்பிடாத சிக்னல் லைட்
தூக்கக் கலக்கத்தில் முழிப்பதுபோல்
மஞ்சளாய், மங்கலாய்.

கரண்ட் வந்திருக்கிறது.
வந்த வேலையும் தெரியும் அதற்கு.
திரும்பிப்போக வழி இல்லாமல்
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

"எர்த் இல்லை" என்றேன்.
எர்த் என்றால் மண்தானே.
மண் இல்லை என்பதை
எங்கள் லயத்தில் ஒரு குழந்தைக்குக்கூட
விளக்கிச் சொல்லத் தேவையில்லை.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.
சிங்களத்தில் அதற்கு நீளமான வாக்கியம் வேண்டும்.

பெட்டிக்கு அடியில் மல்லாந்து புகுந்தேன்.
கறுப்பு வயர் போய்ச் சேரும் போல்ட்டைக் காணோம்;
அந்த இடத்தில்
பச்சையும் வெள்ளையுமாய் ஒரு கட்டி.
எத்தனை போகம் யூரியா மூட்டை ஏற்றியிருப்பேன்!
கிழங்கை ஊதவைத்த உப்பு
சொட்டுச் சொட்டாய் இறங்கி
இரும்பைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறது.

லீக்ஸ் வேர் நறுக்கும் கத்தியால் சுரண்டினேன்.
கண்ணில் துரு விழுந்தது.
வாயிலும் விழுந்தது, ரத்தம் போலச் சுவை.
தகரம் வெள்ளியாய்ச் சிரிக்கும்வரை சுரண்டி
வயர் நுனியைப் புதிதாய்ச் சீவி
பையில் கிடந்த வேறு போல்ட்டைப் போட்டு
பத்தாம் நம்பர் ஸ்பேனரால்
இறுக்கினேன். இன்னும் கொஞ்சம்.

"ஆவா!"

வந்துவிட்டதாம்.
கெப்புக்கு அடியிலிருந்து எனக்குத் தெரிந்தது
அவருடைய சப்பாத்துகள் மட்டும்.
ஈரத் தோலில் இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

வெளியே வந்து கை துடைத்தேன்.
பத்திரத்தைக் கிழித்துவிடுவார் என்று
ஒரு நிமிடம் நினைத்தேன்தான்.
கிளிப்பைத் திருப்பிக் கேட்டார்.
பதினாலு நாளைக்குள் தபால் கந்தோரில் கட்டு என்றார்.
நிற்க நிற்க நனைகிறோம், போ என்றார்.

மண்வெட்டியைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.
முதல் வளைவில்
பக்கக் கண்ணாடிக்குள்
பனி முழுவதும் சிவந்து, அணைந்தது.

இரண்டாம் வளைவு அவ்வளவு மோசமில்லை.
மிதிக்கவே தேவையில்லை அங்கே.
மிதித்தேன்.