நூற்றுக்கு அறுபத்து மூன்று

நூற்றுக்கு அறுபத்து மூன்று பேருக்கு
மாதக் கடைசி கையைக் கடிக்கிறதாம்.
டிவியில் சிவப்பு எழுத்தில் ஓடியது.

அந்த எண்ணில் கொஞ்சம் நான் செய்தது.
டொலீடோவில், மணிக்குப் பதினான்கு டாலருக்கு,
காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு.

"சிரமமா?" என்றேன்.
"ரொம்ப" என்றார் வெண்டல் ப்ரூயிட்.
புதுப் படகுக்கு இன்னும் ஆறு தவணை பாக்கியாம்.

ஒடெஸாவிடமும் அதே கேள்வி.
பின்னால் ஒரு குழந்தை
இருமிக்கொண்டே இருந்தது.
"கர்த்தர் கிருபையில் ஓடுது, கண்ணு."
பிறகு, குரலைத் தாழ்த்தி:
"நீங்க கூப்பிட்டாலும்
என் நிமிஷம்தான் கழியுமா?"

'சிரமம் இல்லை' என்ற கட்டத்தில்
டிக் அடித்தேன்.
வேறென்ன செய்ய?

அன்று போனை எடுக்காதவர்கள்
நானூறு சொச்சம்.
அவர்களுக்குக் கட்டமே கிடையாது.