அரைப்பேர்

படிவத்தின் முதல் கட்டத்தில் பேர் கேட்டிருந்தது.
எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
முழுப்பேர், அரைப்பேர்,
ராத்தல் குறைந்தால் அதற்கும் சண்டை.
தவமணி என்று எழுதினேன்.
அன்றைக்குப் போன பேரை எழுத அதில் இடமில்லை.

அடுத்தது காணியின் உரிமையாளர்.
பேனா அங்கேயே நின்றது.
தோட்டம் கம்பனியிடம், கம்பனி குத்தகையில்,
குத்தகை எங்கோ கொழும்பில் ஓர் அலுமாரியில்.
வரிசையில் பின்னால் நின்றவர்
"கோடு போட்டுட்டுப் போ தங்கச்சி" என்றார்.
போட்டேன்.

எல்லைகள்:
வடக்கே ஆறாம் நம்பர் மலை.
கிழக்கே அதே மலை, மறுபடியும்.
தெற்கே கான், மழை பெய்தால் ஆறு.
மேற்கே அந்தோனியம்மாவின் அடுப்புப் புகை.
புகையை வெட்டி, காம்பரா இலக்கம் எட்டு
என்று திருத்தினார் திலினி மிஸ்.
நல்லவர். சிங்களத்தில் இருந்ததையெல்லாம்
விரலாலேயே தமிழாக்கித் தந்தார்:
இங்க சைன், இங்க நம்பர், இங்க ஒன்னும் வேணாம்.

சபை சொன்னது, தொரையின் கடிதம் வேண்டும்.
தொரை சொன்னார், சபையின் கடிதம் வரட்டும் பார்க்கலாம்.
வராத இரண்டு கடிதங்களும்
நீ முதலில், நீ முதலில் என்று நின்றதில்
ஆறாம் நம்பர் மலையைக் கவ்வாத்து வெட்டினார்கள்.
அது மொட்டையாகி மறுபடி துளிரும் விட்டது.

ஹட்டனில் நிசாம்தீன் பிளான் வரைந்தார்.
பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, ஒட்டினாற்போல் குசினி.
"ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கணும்?"
எனக்கு விளங்கவில்லை.
எங்களது இரட்டை லயம்.
முன்னால் கதவு, பின்னால் சுவர்,
சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் இருமல்.
நாற்பத்து மூன்று வருஷத்தில்
எந்தப் பக்கம் என்று என்னை யாரும் கேட்டதில்லை.
பென்சிலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார் மனுஷன்.
கீழே மஸ்கெலியா பஸ் ஹோர்ன் அடித்தது.
"பீலி தெரியிற பக்கம்" என்றேன்.
பீலியடியில் பார்க்க என்ன இருக்கிறது,
குடச் சண்டையைத் தவிர.
ஆனாலும் அந்தப் பக்கம்தான்.

மண்சரிவு பார்க்க ஒரு பையன் வந்தான், ருக்ஷான்.
சுவர் வெடிப்பில் ஐந்து ரூபாய்க் குத்தியைச் செருகிப் பார்த்தான்.
அது உள்ளே விழுந்துவிட்டது.
"அம்மே, இங்க புதுசா கட்டினா ஆபத்து."
பழசில படுத்தா?
கையிலிருந்த தாள்களை முன்னும் பின்னும் புரட்டினான்.
அப்படியொரு கட்டம் இல்லை போலும்.
தேத்தண்ணி குடித்தான்.
காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

இன்றைக்கு மிஸ் கோப்பைத் திறந்து சொன்னார்:
கூட்டிக் கட்டுவதென்றால்
பழைய கட்டடத்தின் அனுமதி இலக்கம் வேண்டுமாம்.
லயத்தின் அனுமதி.
"அது வெள்ளக்காரன் கட்டினது மிஸ்."
அவர் சுவரோரத்து அலுமாரியைப் பார்த்தார்.
அலுமாரிக்கே அவ்வளவு வயதில்லை.
"தேடிப் பார்க்கிறன்" என்றார்,
சிரிப்பு வந்ததை இரண்டு பேருமே காட்டிக்கொள்ளவில்லை.

என் பாட்டன் பிறந்ததும்
என் பிள்ளை ஓ.எல். பாஸ் பண்ணியதும்
அனுமதியில்லாத கட்டடத்தில்.
பஸ்ஸில் வரும்போதுதான் இது உறைத்தது.
பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லலாம் என்று பார்த்தேன்.
தூங்கிக்கொண்டிருந்தாள்.

இதுவரை பதினொரு பேர் போயிருக்கிறது.
ஆளைச் சொல்லவில்லை, என் நாட்களைச் சொல்கிறேன்.
பன்னிரண்டாவதற்குப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.
ரசீதில் கட்டம் சின்னது.
தவம என்பதோடு அச்சு நின்றுவிட்டது.
கணக்கப்பிள்ளை போடுவதைப்போல அங்கேயும் அரைப்பேர்.

பிளானைப் பொலித்தீனில் சுற்றிக் கூரைக் கம்பில் செருகியிருக்கிறேன்.
ராத்திரி மழை பிடித்தால் தூக்கம் வருவதில்லை.
எலியோ மண்ணோ, எதுவோ அசைகிறது.
சுவருக்குள் அந்த ஐந்து ரூபாய்
இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது.