திறக்கவே இல்லை

"யாரும் திறக்கவே இல்லை" என்றாள்
குர்லாவிலிருந்து வந்திருந்த அம்ருதா பாட்கர்.
மூச்சு விட்டு, "போன கடைக்காரன் எதையோ உருவிட்டான்" என்றாள்.
லாமிங்டன் ரோட்டில் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

மதர்போர்டை விளக்கடியில் வைத்ததும்
அவள் விரல் நேரே போனது
ராம் ஸ்லாட்டுக்கு மேலே, வெற்றிடத்துக்கு.
"இதோ. ஒன்பது இல்லை. வீட்டிலேயே எண்ணிட்டேன்."

எண்ணிக்கை சரிதான்.
ஆனால் ஒன்பதிலும் ஈயம்
ஆலையில் படிந்தபடி தட்டையாக, மழமழவென்று.
சுற்றிக் கறை இல்லை, கீறல் இல்லை.
விலை கூடிய மாடலுக்கு எண் அச்சிட்டு
இதில் காசு மிச்சம் பிடித்த இடங்கள்.
இலை போட்டிருக்கிறது என்பதாலேயே
யாரோ பந்தியிலிருந்து எழுந்துபோனதாக ஆகிவிடாது.

பிடுங்கிய இடம் அப்படி இருக்காது.
ஒரு முனையில் ஈயம் கூம்பி நிற்கும்,
மறுமுனையில் செம்பு பல் காட்டும்.
அப்படி ஒன்று கிடைத்தது, பேட்டரி ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில்.
உரிய கெபாசிட்டர், கடுகில் பாதி,
ஃபேனுக்கு அடியில் தூசிக்குள் கிடந்தது.
"கீழே போட்டீங்களா?"
"என் தம்பி" என்றாள், வேறு பக்கம் பார்த்து.

மாற்றிய இடம்தான் கஷ்டம்.
அது நிறைந்திருக்கும், ஒன்றும் சொல்லாது.
நுண்ணோக்கியைத் தள்ளித் தள்ளிப் போனேன்.
சார்ஜர் வாய்க்கு அருகே ஜோடி மாஸ்ஃபெட்.
ஒன்றில் எழுத்து வெள்ளை, மற்றதில் சாம்பல்.
சாம்பலின் கால்களைச் சுற்றி
டீ வடிந்து காய்ந்த நிறத்தில் ஃப்ளக்ஸ்,
கழுவச் சோம்பல்பட்ட கை.
உடம்பு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்திருந்தது.
கடைசிக் காலில் மட்டும்
நம்பிக்கை இல்லாமல் இரண்டாவது சொட்டு ஈயம்.

"இடதுகைக்காரன்" என்று முணுமுணுத்தேன்.
"திருடன்" என்றாள் அவள்.
என் இடது கையிலிருந்த சாமணத்தைக்
கீழே வைத்தேன்.

தண்டவாளம் முங்கிய அந்த ஜூலை.
சரக்கு வரவில்லை, மஸ்ஜித் பந்தரில் கடை அடைப்பு.
வாங்கிப்போக யாரும் வராத ஒரு செத்த போர்டிலிருந்து
கழற்றி ஒட்டினேன்,
"இப்போதைக்கு ஓடும், அடுத்த வாரம் வாங்க" என்று.
அந்த ஆள் வரவில்லை. விற்றுவிட்டிருக்கிறான்.
இப்போதைக்கு, மூன்று வருஷம் ஓடியிருக்கிறது.

"செகண்ட் ஹேண்டா?"
"ஆமா. சீல் பிரிக்காததுன்னு சத்தியம் பண்ணான்."

கெபாசிட்டருக்கு நானூறு எழுதினேன்.
மாஸ்ஃபெட்டையும் மாற்றினேன், சரியான எண்,
வெள்ளை எழுத்து.
"அதுக்கு எவ்வளவு?"
"அது பழைய பாக்கி" என்றேன்.
யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

இந்த முறை ஸ்பிரிட் விட்டு, பிரஷ் போட்டுக் கழுவினேன்.
நிமிர்த்தித்தான் வைத்தேன், இரண்டு தரம் பார்த்து.
ஈயம் ஆறியதும் மறுபடி குனிந்தால்
மயிரிழை
வலப்பக்கம்.