விடுபட்ட ணி

சேன் பிலிப்பில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.
ஒருபுறம் எரிமலை, மறுபுறம் கடல்,
நடுவே தாழைக்கு அண்ணன் முறையான வாக்கோவா மரங்கள்.
அவற்றின் முட்டுவேர்களைப் பிடித்துக்கொண்டு
ஏறுகிறது வனிலா.
தாழைக்கு வாசம் பூவில்.
இதற்கு, காய் செத்த பிறகு.

கோலெத் சுப்ரமாயேன்
எலுமிச்சை முள்ளால் பூவைத் திறக்கிறாள்.
உள்திரையைத் தூக்கி, கட்டைவிரலால் ஓர் அழுத்து.
ஆச்சு. அடுத்தது.
பதினோரு மணிக்குள் நூறு, நூற்றிருபது.
இந்த வேலைக்கு இந்தத் தீவில் தேனீ இல்லை.

அவள் குடும்பப் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது.
எந்தக் காலத்திலோ, கப்பலடியில்,
ஒரு பிரெஞ்சுக் குமாஸ்தாவின் காதில் 'ணி' விழவில்லை.
தமிழில் எந்தச் சொல்லும் அதைக்கொண்டு தொடங்காது.
நடுவிலிருந்து காணாமல் போனால் யார் தேடப்போகிறார்கள்?
பிறகு பிறந்தவர்கள் எல்லோரும்
அது இல்லாமலேயே பிறந்தார்கள்.

காரைக்காலிலிருந்து வந்த நான் கவனித்தேன்.
என் பிழைப்பே அதுதான்.
சேன் பியேர் ஆய்வுக்கூடத்தில்
நோய் கண்ட இலையை அரைத்து
ஆர்.என்.ஏ.வில் எழுதிய ஒரே வாக்கியத்தைப் படிப்பேன்.
பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான எழுத்துகள்,
முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றுதான்.
செடியின் உயிரணு அதை வாய்விட்டுப் படித்ததும்
நீளமாக ஒரு நாடா வெளியே வரும்,
தன்னைத்தானே பத்துத் துண்டாக வெட்டிக்கொள்ளும்.
கத்தரிக்கோலையும் அந்தத் துணியிலேயே நெய்து வைத்திருக்கிறது.

குடும்பத்தின் பெயர் போட்டிவிரிடே.
யாரோடும் போட்டி இல்லை,
உருளைக்கிழங்கு வழி வந்த பெயர்.
பப்பாளிக்கு வளையம் போடுகிறவள் ஒருத்தி,
பூசணி இலையில் தேமல் பூசுகிறவள் இன்னொருத்தி.
வனிலாவுக்கு வந்திருப்பது எந்த மருமகள் என்று கேட்கத்தான்
கோலெத் ஆள் அனுப்பினாள்.

"இலை சுருண்டுக்குது. என்னமோ கோபத்துல இருக்கிற மாதிரி."

அசுவினியைப் பற்றிச் சொன்னேன்.
முதல் நட்சத்திரத்தின் பெயர், தேவ மருத்துவர்களின் பெயர்,
போயும் போயும் கடுகளவு பச்சைப் பூச்சிக்கு.
குடிக்கக்கூட வேண்டாம்.
ஊசி வாயால் ஒரு நொடி ருசி பார்க்கும்,
'இது நம்ம செடி இல்லை' என்று கிளம்பிவிடும்.
அந்த நொடி போதும்.

கோலெத் தன் கையிலிருந்த முள்ளைப் பார்த்தாள்.
முள் இல்லை என்றேன்.
நட்ட துண்டு, வெட்டிய கத்தி, அப்படி இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை முடிவு தெரிந்தது.
தொண்ணூற்றாறு குழித் தட்டில்
காட்டோரத்துப் பழங்கொடிகள் எல்லாம் நிறமின்றித் தெளிவாக இருந்தன.
மஞ்சளானவை
தோட்டத்தின் ஒன்பதாம் வரிசை இலைகள் மட்டும்.

ஒன்பதாம் வரிசை நான் கொடுத்தது.
போன மார்ச்சில், இருபது துண்டு,
ஈரச் சாக்கில் சுற்றி,
ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை கட்டி:
நோயற்றது.
என் கையெழுத்து.

மறுபடி சோதித்தேன். மறுபடியும் மஞ்சள்.
மஞ்சளைப் பார்த்து என் வயிறு இப்படிக் கலங்கியதில்லை.

பேருந்தில் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் தயாரித்தேன்.
'தொற்று கண்டறியப்பட்டுள்ளது.'
நல்ல வாக்கியம்.
கொண்டுவந்தவர் உட்கார அதில் இடமே இல்லை.
அவள் தோட்டத்துப் படலைத் திறக்கும்போது
அதுவும் தன்னைத்தானே வெட்டிக்கொண்டது.
மிச்சம் இருந்தது ஒரு துண்டு:
"நான்தான்."

கோலெத் ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்பதாம் வரிசையில் அந்த வாரம் அவள் முடித்துவைத்த பூக்களை
விரல்விட்டு எண்ணினாள். அறுபத்திரண்டு.
பிறகு உள்ளே போய்
வெட்டுக்கத்தியும் ஒரு வாளியில் பிளீச்சும் கொண்டுவந்தாள்.
"வேரோட," என்றாள்.

வெட்டினேன். முக்கினேன். வெட்டினேன்.
வாக்கோவாவின் ரம்பப் பற்கள் முழங்கையைக் கீறின.
கடைசிக் கொடிக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது.
அவள் அதிலிருந்த அட்டையை அவிழ்த்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.
ஒரு வருஷ மழை. ஓர் எழுத்தும் கரையவில்லை.

"நல்ல மை," என்றாள்.