விலகலுக்கான காரணம்

வேலைக்குச் சேர்ந்த நாளில் கையில் ஒரு ஊசி தந்தார்கள்.
மீனின் முதுகெலும்பை ஒட்டிக் குத்தி
காய்ச்சல் பார்க்க.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இரவு இரண்டரை.
தூத்தூர்ப் படகு பதினேழாம் நாள் அணைந்திருக்கிறது.
முந்தின பாடெல்லாம் டின் கம்பெனிக்கு.
கடைசி இரண்டு நாள் தூண்டிலில் ஏறிய கேரை மட்டும்
பறக்கும்.
ஒன்று புள்ளி நாலு, என்கிறேன்.
"சொகந்தானே?" என்கிறான் ஜெரோபின்.
தினமும் இதே பகடி.
தினமும் நான் சிரிப்பதில்லை.

இருபத்திரண்டு தெர்மாகோல் பெட்டி, தலா இருபது கிலோ.
அடியில் உறிஞ்சு தாள், மேலே பாலித்தீன்,
மீனின் இரண்டு பக்கமும் உறைந்த ஜெல் பை.
ஏழாம் பெட்டிக்குள் மட்டும்
தீப்பெட்டி அளவில் ஒரு கருவி.
பத்து நிமிடத்துக்கொருமுறை குளிரைக் குறித்துக்கொள்ளும்,
தானாக யாரிடமும் சொல்லாது,
கேட்டால் எதையும் மறைக்காது.

அதே தராசில்தான் நேற்றுச் சாயங்காலம்
தம்பி டைனீஷ் தன் பெட்டியைத் தூக்கி வைத்தான்.
முப்பதுதான் அனுமதி.
முப்பத்தொன்று எழுநூறு.
கிறிஸ்துமஸ் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்புகிறான்.
முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், மரச்சீனி வற்றல்,
பனியன்களுக்கு நடுவே
அம்மை பொரித்த நெய்மீன் நாலு கிலோ.
எதை எடுக்க என்று குனிந்து நின்றான்.
"இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டினும், மூடு" என்றேன்.
நான்தான் சொன்னேன்.

களியக்காவிளை தாண்டும்போது வெளுத்தது.
பாலராமபுரம் நெரிசலில் நாற்பது நிமிடம்.
திருவனந்தபுரத்துச் சரக்கு வாசலில்
எக்ஸ்ரே முடிந்தது, முத்திரை விழுந்தது,
ரசீதில் எண் ஏறியது.
பிறகு கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பையன்
போனைக் காதிலிருந்து எடுக்காமலே
எங்களைப் பார்த்துச் சொன்னான்: ஆஃப்லோடு.
பயணிகளின் பெட்டி கூடிப்போனதாம்.
ஒருவரிடம் ஒன்றரை, ஒருவரிடம் மூன்று,
இருநூறு பேர்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
எங்கள் நானூற்று நாற்பது கிலோ
ஏறக்குறைய வருகிறது.

பத்தே முக்காலுக்கு விமானம் தலைக்கு மேல் போனது.
ஜெரோபின் தொப்பியைக் கழற்றினான்.
வியர்வைக்கா மரியாதைக்கா, தெரியவில்லை.

அடுத்தது நாளை மறுநாள்.
ஷார்ஜாவில் வாங்குகிறவர்
மலையாளமும் அரபியும் கலந்து வைதார்.
வண்டியைக் கருங்கல் சந்தைக்குத் திருப்பினோம்.
மதலேனம் செவுளை விரித்துப் பார்த்தாள்.
கட்டைவிரலால் ஒரு அமுக்கு,
மூக்கருகே ஒரு நொடி, அவ்வளவுதான்.
மூன்று புள்ளி ஒன்பது, என்றேன்.
"அது ஒனக்கு.
பெட்டியில கெடந்த மீனுக்கு இந்த வெலையா?"
கேட்டதில் பாதிக்கு எடுத்தாள்.
இருட்டும்முன் தீர்ந்தது.
பல்டாக்டர் வீட்டுக்கு ஒரு முழு மீன்,
நர்சிங் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து ஒரு துண்டு.
அரபி எழுத்து ஒட்டிய பெட்டியொன்றை
ஒருத்தி கேட்டு வாங்கிப் போனாள்,
மல்லி விதைக்க.

இரவு டைனீஷின் குரல்பதிவு:
எண்ணெய் எறங்கி ரெண்டு சட்டை போச்சு.
அறையில ஏழு பேரு. மீன் தீந்துது.
அம்மையிட்ட சொல்லு.

மல்லிக்கு மண் அள்ளும்போது கிடைத்ததென்று
கருவியை மறுநாள் மதலேனம் கொடுத்தனுப்பினாள்.
கணினியில் செருகினேன்.
காலைவரை தரையோடு ஊர்ந்த கோடு
சரக்கு வாசலில் லேசாக நெளிந்து
சந்தையில் படியேறி
பிறகு இரவு முழுக்க இருபத்தேழு.
யாரோ ஒரு வீட்டின் தூக்கம்.

படிவத்தில் கடைசிக் கட்டம்:
விலகலுக்கான காரணம்.
விமானக் கம்பெனி என்று எழுதச் சொன்னார் மேனேஜர்.
எழுதினேன்.
அதன் கீழே பென்சிலால், சின்னதாக:
இதில் ஒன்று புள்ளி ஏழு கிலோ என்னுடையது.