செய்தது யார்

மாங்குளத்தில், ஒட்டுசுட்டான் வீதி பிரியும் முடக்குக்கு அப்பால்
சிமெந்துக் கல் அரியும் முற்றத்தில் அவருக்கு வேலை.
இருபத்து மூன்று பேரில் பதினாலாவது ஆள்.
பெயர் யசோதரன். மதியச் சாப்பாட்டு நேரத்தை எனக்குத் தந்தார்.
விசிறியை நிற்பாட்டினால் வாறன் என்றார்.
நிற்பாட்டினேன்.

மேசையில் பன்னிரண்டு வேலை.
ஆறு அவர் செய்ய, ஆறு நான்.
தீப்பெட்டியைக் குலுக்குவது, பூட்டைத் திறப்பது,
நூலில் ஒரு முடிச்சு, முத்திரையைத் தண்ணீர் தொட்டு ஒட்டுவது.
ஒரு மணித்தியாலம் கழித்து ஒவ்வொன்றாய்க் கேட்க வேண்டும்:
இதைச் செய்தது நீங்களா, நானா?

எனக்குப் படிப்பித்தது இது:
தான் செய்ததை மனிதர் லேசில் மறப்பதில்லை.
'நான்' என்பது ஒரு பசை.
ஓட்டிசம் உள்ளவர்கள் சிலரில்
அந்தப் பசை வேறு விதமாய்க் காய்கிறது.
(பேராசிரியர் இப்படிச் சொல்லவில்லை.
அவர் சதவீதம் சொன்னார்.)

பன்னிரண்டையும் சொன்னார், வரிசை பிசகாமல்.
தீப்பெட்டிக்குள் குச்சி குறைவு, சத்தம் மெல்லிசு.
பூட்டு இரண்டு தரம் இறுகி, பிறகு திறந்தது.
திறந்தது யார் என்றேன்.
"கை."
ஆருடைய கை?
மேசையில் கிடந்த நாலு கைகளையும் பார்த்தார்,
பஸ்ஸில் யாரோ விட்டுப்போன சாமானைப் பார்ப்பதுபோல்.
"தெரியாது."
அந்தச் சொல்லில் வெட்கம் ஒரு தூசளவும் இல்லை.
படிவத்தில் அதற்கொரு பெட்டி உண்டு. புள்ளி பூச்சியம்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ.
"சத்தம் கூடினா காதைப் பொத்துவன்.
ஈரக் கல்லில கை வைக்க மாட்டன்.
அவசரப்படுத்தினா எனக்குச் சொல் வராது."
அப்படிக் காதைப் பொத்திய ஒரு நாள்?
வெளியே டிப்பர் ஒன்று மண் கொட்டி முடியும்வரை யோசித்தார்.
"நாள் இல்லை.
ஆனா அது நான்தான்."

என்னிடம் ஒரு நாள் இருக்கிறது.
மே மாதம். கடல்நீரேரி. நெஞ்சளவு தண்ணீர்.
எனக்குப் பதின்மூன்று, தங்கச்சி சோபிதாவுக்கு எட்டு.
மூன்று ஆணைக்குழுக்களுக்கு ஒரே சொற்களில் சொன்னேன்.
சனம் நெருக்கியது. கை நழுவியது.
சொல்லும்போதெல்லாம் கரையில் நின்று என்னையே பார்க்கிறேன்:
என் பின்தலை, பச்சைப் பை, பிணைந்த இரண்டு கைகள்.
என் பின்தலையை நான் எப்படிக் கண்டேன்?

கை நழுவியது.
தமிழ் நல்ல பாஷை. கையை எழுவாய் ஆக்கிவிட்டு
ஆள் விலகி நிற்கலாம்.
யசோதரன் பூட்டைச் சொன்னபோது
நான் அதைப் பிழை என்று குறித்தேன்.

பின்னேரம் ஒரு வெறும் படிவம் எடுத்து
பதின்மூன்றாவதாய் எழுதினேன்: கையை விட்டது.
நான். அவள். தெரியாது.
காவலாளி கதவடியில் திறப்பை ஆட்டிக்கொண்டு நின்றார்.
மடித்துப் பைக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை யசோதரன் வந்து இருக்கும் முன்னமே சொன்னார்:
"பூட்டு நீங்கள் திறந்தது.
உங்கட பெருவிரலில நீல மை. பூட்டிலயும் நீல மை.
வீட்ட போய் யோசிச்சனான். இப்ப மாத்தி எழுதலாமோ?"
நேரம் கடந்த பதிலை எடுக்க முடியாது,
விதி அப்படி என்றேன்.
ஓம் என்றார். கோபமில்லை.
சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்.

விதியை மீறி ஓரத்தில் எழுதி வைத்தேன்.
எழுதும்போது என் பெருவிரலைப் பார்த்தேன்.
அந்தத் தண்ணீரில்
எந்த மை நின்றிருக்கும்?

"விசிறி," என்றார் யசோதரன்.
நான் போட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.