ஓர் ஐகாரம் குறைய

கூடலூரில் கிளம்பிய ஜீப்பில்
பதினாறு பெண்கள், பதினாறு தூக்குவாளி.
குமுளி செக்போஸ்ட்டில் ஒருத்தி மட்டும் இறங்கி
ஓரமாய் வாந்தி எடுத்தாள்.
மலைப்பாதை ஒத்துக்கலை என்றான் டிரைவர்,
இருபத்திரண்டு வருசம் அதே வளைவுகளில்
தூங்கிக்கொண்டே வந்தவளைப் பார்த்து.

ஒச்சம்மாள், நாற்பத்தேழு.
சீட்டு எழுதியது நான்.
ஈசிஜி எடுப்பதும் நான்தான். கம்பத்துக்காரி.
மலையாளம் சம்பளம் வாங்குமளவுக்கு.

டாக்டர் ஜிபின் கேட்டார்:
"நெஞ்சு வேதன உண்டோ?"
ஏற இறங்கப் பார்த்தாள் அவரை.
"அது கெடக்கு சார், மூணு வருசமா.
மக போனதுலருந்து."
மூணு வருசம் மட்டும் அவருக்குப் புரிந்தது.
பழைய வலி என்று எழுதினார்.

கணவாய்க்கு அந்தப்பக்கம் வேதன என்றால் வலி.
இந்தப்பக்கம் வேதனைக்கு
மாத்திரை கிடையாது.
நான் சொல்லியிருக்கலாம்.
ஜெல் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆறு ரப்பர் குமிழ், நாலு கிளிப்.
விரலிடுக்கில் ஏலக்காய்க் கறை,
கடைவாயில் ஒதுக்கிய புகையிலை.
பசியைத் தள்ளிப்போட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி.
சர்க்கரை பார்த்ததுண்டா என்றால்
"ரேசன்லயா?" என்கிறாள்.

முதல் தாள் சுத்தமாக வந்தது.
கேஸ், என்று ஓர் ஊசி.
பெஞ்சில் உட்காரவைத்தோம்.
வெளியே ஜீப் இரண்டு முறை ஹாரன் அடித்தது,
மூன்றாவது முறை அடிக்காமல் போய்விட்டது.

"தாடை கடுக்குதும்மா," என்றாள் என்னிடம்.
"கையி உளையுது.
நெஞ்சுல ஒண்ணுமில்ல,
யாரோ சம்மணம் போட்டு உக்காந்திருக்காப்ல, அம்புட்டுதான்."

மார்கழிக் குளிர். அவள் ரவிக்கை நனைந்திருந்தது.
யாரும் எடுக்கச் சொல்லவில்லை.
திரும்பப் படுக்கவைத்தேன்.
வேர்வையில் குமிழ்கள் வழுக்கி வழுக்கி விழுந்தன.
ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி
தாள் வருவதைப் பார்த்தேன்:
இரண்டில், மூன்றில், ஏவிஎஃப்பில்
கோடு ஏறியது,
இறங்க மறந்து அங்கேயே நின்றது.

டாக்டர் ஓடி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் அவரே சொன்னார்.
குழாய்ச் சுவருக்குள் வருசக்கணக்கில் படிந்த கொழுப்பு
ஒரு காலையில் மேல்தோல் கிழிகிறது.
இரத்தம் அதைக் காயம் என்று நினைக்கிறது.
காயத்தை மூடுவது அதன் வேலை.
ஓடி வந்து, ஒன்றன்மேல் ஒன்றாய் விழுந்து,
நல்லெண்ணத்தோடு
அடைத்துவிடுகிறது.

நாலு மாத்திரையை மெல்லச் சொன்னோம்.
புகையிலையைத் துப்ப மனசில்லாமல் துப்பினாள்.
கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு
தேனிக்கு அனுப்பினோம், அதே வளைவுகளில், கீழ்நோக்கி.
தூக்குவாளி பெஞ்சுக்கடியில் நின்றது.
சாயங்காலம் திறந்து பார்த்தேன்:
பழைய சோறு, நீர் தெளிந்து.

புரட்டாசியில் வந்தாள். இளைத்திருந்தாள்.
தூக்குவாளியைத்தான் முதலில் கேட்டாள்.
பிறகு மடியிலிருந்து ஒரு மடிப்புத் தாளை எடுத்தாள்.
"எஸ்டேட்டுல நம்ப மாட்டேங்கிறாங்ய.
நோவுன்னா சாட்சி கொண்டான்றாங்ய.
இதக் காட்டுனா சிரிக்கிறாங்ய."

விரித்தேன்.
இரண்டாவது தாள்.
வெயிலும் வேர்வையும் பட்டு
வெறும் ரோஸ் கட்டங்கள்.
சூட்டில் பதிந்த கோடு, சூட்டிலேயே அழிந்துவிட்டது.

படும்மா, என்றேன்.
குமிழ்கள் இந்த முறை சொன்னபடி ஒட்டின.
கோடு இறங்கி நடந்தது, அமைதியாய்,
மூன்றில் மட்டும் ஏறுவதற்கு முன்னால்
ஆழமாய் ஒரு பள்ளம்.
செத்த சதை இருக்கும் இடம்.
அது வெளுக்காது.

"தெரியுதா?" என்றாள்.

தெரியுது, என்றேன்.
இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன்,
ஒன்று செராக்ஸ்.